ஆஃப்செட்டுக்கு ‘நடுவிலகல்’: பிக்கப் சக்கரத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டொயோட்டா டகோமா பிக்கப்பில் பெரிய டயர் போடுவதைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர், சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் ஆஃப்செட் என்ற அளவுக்குச் சொல் கேட்டிருந்தார். ஈடு, மறுதோன்றி, விலக்கம் என்று மூன்று வந்திருக்கின்றன. முதல் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

> ‘ஈடு’ போதாதா? அகராதியில் அப்படித்தானே இருக்கிறது?

போதாது. ஒன்றின் குறையை இன்னொன்றால் நிரப்புவதுதான் ஈடு. நட்ட ஈடு, ஈடுகட்டுதல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சக்கரத்தில் எதுவும் ஈடுகட்டப்படவில்லை. மறுதோன்றி அழகான சொல், ஆனால் ஆஃப்செட் அச்சுக்கென்றே பிறந்தது. தகட்டிலுள்ள உருவம் ரப்பர் விரிப்பில் பதிந்து, அங்கிருந்து தாளில் மறுபடி தோன்றுவதால் வந்த பெயர். அது அங்கேயே இருக்கட்டும்.

பொருள் என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். ரிம்மைக் கழற்றி, உட்புறம் மேலே தெரியும்படி தரையில் படுக்கப் போடுங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ஒரு தட்டையான பரப்பு இருக்கும். வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், ஒட்டி உட்காருவது அதுதான். அதைப் பொருத்துமுகம் என்போம். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பொருத்துமுகத்துக்கும் அந்த நடுக்கோட்டுக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். பல ரிம்களில் ‘ET’ (ஈடி) என்ற இரண்டு எழுத்துகளோடு அந்த எண் பொறித்திருக்கும். ஜெர்மன் சொல் ஒன்றின் சுருக்கம் அது.

சிக்கல் கூட்டல் கழித்தல் குறியில் இருக்கிறது. பொருத்துமுகம் நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல். ஆனால் வண்டியில் ஹப் நகராது. முகம் அதோடு ஒட்டியாக வேண்டும். ஆகவே முகம் எவ்வளவு வெளிப்பக்கம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் உள்ளே போய்விடும். கூட்டல் என்றதும் சக்கரம் வெளியே நீளும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு. நாம் வைக்கும் சொல் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காவிட்டால் ஆஃப்செட் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாம் தலைமுறை டகோமாவின் ஆஃப்ரோடு வகையில் கம்பெனியே போட்டுத் தந்த டயர் 265/70ஆர்16 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம்). பலரும் ஆசைப்படுவது 285/75ஆர்16. விட்டம் 777 மி.மீ.யிலிருந்து 834 மி.மீ. ஆகிறது. வண்டி தரையிலிருந்து உயர்வதோ 28 மி.மீ.தான், விட்டத்தில் கூடியதில் பாதி. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 107-இல் ஓடும். அதெல்லாம் கணக்கில் முடிகிற விஷயம். உரசல் அப்படி இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினால், டயரின் பின்விளிம்பு கேபினைத் தாங்கும் இரும்புப் பிடிப்பில் போய் இடிக்கும். அமெரிக்காவில் அந்தப் பிடிப்பின் மூலையை அறுத்து, தகடு வைத்து வெல்டு அடித்துக்கொள்கிறார்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒடிக்கும்போது டயர் போடும் வட்டமும் பெரிதாகி உரசல் கூடும். ரொம்ப உள்ளே போனாலோ, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்மில் உரசும்.

இப்போது 7 அங்குல அகல ரிம், ஆஃப்செட் கூட்டல் 25 என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 8.5 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 0 என்று மாட்டுகிறார் ஒருவர். நடுக்கோடு 25 மி.மீ. வெளியே வருகிறது. ரிம் அகலமானதால் பக்கத்துக்கு 19 மி.மீ. கூடுகிறது. ஆக, வெளிவிளிம்பு 44 மி.மீ. வெளியே நிற்கும். உள்விளிம்போ 6 மி.மீ. வெளியே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். குறியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ரிம் வாங்கினால் பணமும் போகும், இரும்பை அறுக்கிற வேலையும் வந்து சேரும்.

அதனால் என் பரிந்துரை நடுவிலகல். பொருத்துமுகம் வண்டியோடு நிலையாக நிற்பது. அதிலிருந்து சக்கரத்தின் நடு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே விலகினால் உள்விலகல், வெளியே விலகினால் வெளிவிலகல். கூட்டல் 25 என்பது ‘உள்விலகல் 25’, கழித்தல் 12 என்பது ‘வெளிவிலகல் 12’. ரிம்மில் பொறித்த குறியையும் பக்கத்தில் போட்டுவிடலாம். கடையில் போய்க் கேட்கிறவருக்கு அது வேண்டும்.

> ஒளிவிலகல் என்று பாடப்புத்தகத்தில் வேறு பொருளில் இருக்கிறதே? விலக்கம் என்றால் திட்டவிலக்கம் நினைவுக்கு வருமே?

வரலாம். ஆனால் முன்னால் ‘நடு’ நிற்கும்போது ஒளியும் வராது, புள்ளியியலும் வராது. விலக்கத்தை விட விலகல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், தானாக விலகி நிற்பது என்ற பொருள் அதில் இருப்பதுதான். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் கேட்கத் தயார்.

டயரை உருளிப்பட்டை ஆக்கலாமா என்ற கேள்வியை இந்த இழையில் எடுக்க வேண்டாம். டயர் டயராகவே இருக்கட்டும். ஹப்புக்கு மட்டும் கட்டைவண்டிச் சக்கரத்தின் ‘குடம்’ இன்னும் உயிரோடு இருக்கிற சொல். கட்டுரையில் ஒருமுறை ‘ஹப் எனும் குடம்’ என்று எழுதிவிட்டுத் தொடரலாம்.

அப்புறம், பேக்ஸ்பேசிங். ரிம்மின் உள்விளிம்பின் மேல் குறுக்காக ஒரு நேர்க்கட்டையை வைத்து, அதிலிருந்து பொருத்துமுகம் வரை டேப்பை இறக்கினால் கிடைக்கும் அளவு. இதற்கு ‘உள்ளாழம்’ பொருந்தும். அளக்கும்போது கை செய்கிற வேலையே அதுதான். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசருக்கு ‘இடைத்தட்டு’. 25 மி.மீ. இடைத்தட்டு போட்டால் உள்விலகல் 25 குறையும்.

கட்டுரை எழுதும் நண்பர் ஒரு பத்தியை இந்தச் சொற்களைப் போட்டு எழுதி இங்கே அனுப்பினால் நல்லது. டயர் கடை வைத்திருக்கும் உறுப்பினர் அதைப் படித்துவிட்டு எங்கே தடுக்குகிறது என்று சொல்லட்டும்.

அன்புடன்