முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மாதாமாதம் தொழிலின்மை வீதம் எங்கே எடுக்கலாம்?

இடதுகரை (முத்தையன்கட்டு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கணக்கெழுதுகிறவள். எங்களூர் ஆட்கள் சிலர் அமெரிக்காவில் சேர்ந்து ஒரு சிறு நிதியம் நடத்துகிறார்கள். கூலி வேலை கிடைக்காத காலத்தில் எங்கள் பெண்களுக்கு இரண்டு மாதம் சம்பளத்துடன் வேலை கொடுக்கக் காசு தரத் தயார். வாய்க்கால் துப்புரவு, பழமரக் கன்று மேடை, அப்படி ஏதாவது. ஆனால் எந்த இரண்டு மாதம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். “எங்கள் கவுண்டிக்கு (அங்கத்தைய மாவட்டம் மாதிரி) மாதாமாதம் தொழிலின்மை வீதம் வருகிறது. உங்கள் மாவட்டத்துக்கும் கடைசி 24 மாத இலக்கங்களை அனுப்புங்கள், வரைபடம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்கிறார்கள்.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனேன். புள்ளிவிபரக் கைநூலைக் காட்டினார்கள். குளம், ஏக்கர், மாடு, ஆடு எல்லாம் இருக்கிறது, இது இல்லை. பிரதேச செயலகத்தில் வேலை தேடிப் பதிந்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் உயர்தரம் படித்த பிள்ளைகள். களை பிடுங்கப் போகிற ஒருத்தி அங்கே போய்ப் பெயர் பதிவாளா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2023 இல் நாட்டின் தொழிலின்மை 4.7 வீதம் என்று வாசித்தேன். நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை! எங்கள் ஒழுங்கைக்குப் புரட்டாதி மாதத்தில் வந்து பாருங்கள், பகல் பதினொரு மணிக்கு வேம்புக்குக் கீழே ஊரே இருக்கும். இந்த 4.7 எங்கேயிருந்து வருகிறது?

பழைய கணக்கெடுப்பாளர் (முள்ளியவளை):

பிள்ளை, அப்படி ஒரு இலக்கம் இல்லை. கச்சேரிக்காரர் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அது செய்யப்படுவதே இல்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 இலிருந்து தொழிற்படை அளவீடு நடத்துகிறது. தொழிற்படை என்றால் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்த கூட்டம். யுத்த காலத்தில் வடக்கை விட்டுவிட்டுத்தான் ‘இலங்கை’ என்று இலக்கம் போட்டார்கள். 2011 இலிருந்துதான் எங்கள் மாவட்டங்களும் உள்ளே வந்தன. வருடத்துக்கு நாடு முழுவதும் ஏறக்குறைய 25,750 வீடுகள், ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்துக்குப் பத்து வீடு என்ற கணக்கில். நாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவு வரும். மாவட்டத்துக்கு வருடத்துக்கு ஒன்றுதான்.

மாதாமாதம் ஏன் போட முடியாது என்பதை உங்கள் அமெரிக்க ஆட்களுக்கு இப்படி விளங்கப்படுத்துங்கள். முல்லைத்தீவு இலங்கையிலேயே சனத்தொகை குறைந்த மாவட்டம். ஒரு பேச்சுக்கு, வருடம் முழுவதும் மாதிரிக்குள் வந்த தொழிற்படை 500 பேர், அவர்களில் 25 பேருக்கு வேலை இல்லை என்று வையுங்கள். 5 வீதம். இதில் வழு இருபக்கமும் கிட்டத்தட்ட 2 புள்ளி, ஆகவே உண்மையான வீதம் 3 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். அதுவும் சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுத்தால்தான். பத்துப் பத்து வீடாகச் சேர்த்து எடுப்பதால் வழு இன்னும் கூடும். அந்த 500 பேரைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 42 பேர், வேலை இல்லாதவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவனை யாராவது மேசனுக்குக் கையாளாகக் கூப்பிட்டுவிட்டால் மாவட்டத்தின் தொழிலின்மை பாதியாகிவிடும். அதற்கு வரைபடம் போட்டு என்ன செய்வது?

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் பெரிய விஷயம்.

படிவத்தில் ‘உமக்கு வேலை இருக்கிறதா’ என்று ஒரு கேள்வி கிடையாது. கடந்த ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது கூலிக்கோ இலாபத்துக்கோ வீட்டுத் தோட்டந்துரவுக்கோ வேலை செய்தீரா என்றுதான் கேட்க வேண்டும். ஆம் என்றால் அவர் தொழில் உள்ளவர். குடும்பத்து வயலில் சம்பளம் இல்லாமல் நின்றாலும் அதே பெட்டிதான். இல்லை என்றால், கடந்த நான்கு வாரத்தில் வேலை தேட ஏதாவது செய்தீரா, கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போகத் தயாரா என்று கேட்போம். தேடவும் வேண்டும், தயாராகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் ‘தொழிலற்றவர்’. தேடாதவரை வேலையில்லாதவர் என்று எழுத முடியாது. அவர் தொழிற்படைக்கே வெளியே.

மாசி மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு. முற்றத்தில் கச்சான் கொடி குவிந்து கிடக்கிறது, தாய்க்காரி இருந்து ஆய்கிறா. நான் வாய் திறக்க முதலே, “எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை ஐயா, எழுதிக்கொண்டு போங்கோ” என்றா. அந்தக் கச்சான் அவவுடையதில்லை. பக்கத்துக் காணிக்காரருடைய கொடி, வாளிக் கணக்கில் கூலி. கை நிற்கவில்லை, பேசப் பேசக் கச்சான் வாளிக்குள் விழுகிறது. படிவத்தின்படி தொழில் உள்ளவர். மனுசன் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கடல் இன்னும் அடங்கவில்லையாம், தொழிலுக்குப் போகவில்லை, ஆனால் அந்தக் கிழமை ஒரு நாள் குளத்தில் மீன் பிடித்து விற்றிருக்கிறார். அவரும் தொழில் உள்ளவர். மகள் உயர்தரம் எடுத்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறா. கடந்த நான்கு வாரத்தில் எங்காவது விண்ணப்பம் போட்டீரா பிள்ளை? “வர்த்தமானி வந்தால் போடுவன்.” அப்போ தேடவில்லை. தொழிற்படைக்கு வெளியே.

மூன்று பேரும் வேலை இல்லை என்று சொன்ன வீடு. படிவத்தில் தொழிலற்றவர் பூச்சியம்.

இது எங்கள் திணைக்களம் செய்த சூழ்ச்சி இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு வகுத்த முறை, அமெரிக்காவிலும் அடிப்படை இதுதான். சம்பள நாடுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். வன்னியில் ஒருவன் முழுதாக வேலை இல்லாமல் இருப்பதற்கும் கையில் கொஞ்சம் வசதி வேண்டும். வசதி இல்லாதவன் விறகு வெட்டியாவது, பாலைப்பழம் பொறுக்கி மாங்குளத்து றோட்டில் வைத்து விற்றாவது அந்த ஒரு மணித்தியாலத்தை நிரப்பிவிடுவான். அதனால்தான் வீதம் சிறிதாக இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்திலுள்ள இலக்கம்: 2023 இல் பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 31 பேர்தான் தொழிற்படையில் இருந்தார்கள், ஆண்கள் நூறு பேரில் 68 பேருக்கு மேல். மிச்சப் பெண்கள் 4.7 க்குள் வரவே இல்லை.

நியூஜேர்சி:

தங்கச்சி, ஐயா சொன்னதற்கு மேல் அமெரிக்கப் பக்கத்தைச் சொல்கிறேன். கவுண்டிக்கு மாதாமாதம் இலக்கம் வருகிறது என்பது உண்மை. ஆனால் கவுண்டி கவுண்டியாக வீடு வீடாகப் போய் எடுப்பதில்லை. நாடு முழுவதற்கும் மாதத்துக்கு ஏறக்குறைய 60,000 வீடுகள், அவ்வளவுதான். மாதத்தின் 12 ஆம் திகதி வருகிற கிழமையைப் பற்றிக் கேட்பார்கள். சின்னக் கவுண்டியில் அந்த மாதம் ஒரு வீடும் அகப்படாமல் போகலாம். எனவே வேலை போனவர்கள் கேட்கும் காப்புறுதிப் பணத்தின் பதிவுகள், நிறுவனங்களின் சம்பளப் பதிவுகள் எல்லாவற்றையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். அடுத்த மாதமே திருத்துவார்கள், வருட முடிவில் இன்னொரு தடவை திருத்துவார்கள்.

இலங்கையில் வேலை போனால் காசு தருகிற காப்புறுதியே இல்லை. பதிவு இல்லாமல் மதிப்பீடு எப்படி வரும்? ஊழியர் சேமலாப நிதிப் பதிவு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் கட்டுகிற இடம் முத்தையன்கட்டில் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. கவுண்டி இலக்கங்களில் பருவகால ஏற்ற இறக்கத்தைக் கழிக்காமல்தான் வெளியிடுகிறார்கள். ஆகையால் இங்கே விபரம் தெரிந்தவர்கள் போன மாதத்தோடு ஒப்பிட மாட்டார்கள், போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுவார்கள். நிதியத்துக்காரருக்கு இதை எழுதுங்கள், சட்டென்று பிடிபடும். 2025 ஒக்டோபரில் இங்கே அமெரிக்க அரசாங்கம் முடங்கியபோது வீட்டுக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அந்த மாதத்துக்கு நாட்டு வீதமே கிடையாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இலக்கம் இல்லாமலும் உலகம் ஓடியது.

வட்டக்கச்சி:

எந்த மாதம் வேலை இல்லை என்பதற்கு இவ்வளவு பாடா? வயல்காரனைக் கேட்டால் சொல்வான்.

ஐப்பசியில் விதைப்பு, அப்போது உழவு மெசின்காரனுக்கும் விதைக்கிறவனுக்கும் வேலை. பிறகு களை. முன்பு கார்த்திகை மார்கழியில் பெண்கள் கூட்டமாகக் களை பிடுங்குவார்கள். இப்போது களைநாசினியோடு ஒருவன் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். தை கடைசி தொடங்கி பங்குனி வரை வெட்டு. அருவி வெட்டும் சூடடிப்பும் ஊருக்கே சோறு போட்ட காலம் போய்விட்டது, வெட்டு மெசின் வந்து வரம்போரம் மூட்டையைக் கட்டித் தந்துவிட்டுப் போகிறது. மூட்டை ஏற்ற நாலு பெடியன்கள் போதும். என்னிடமும் ஒரு மெசின் இருக்கிறது, ஆகவே நான் முறைப்பாடு சொல்லக்கூடாது.

சிறுபோகம் குளத்தைப் பொறுத்தது. இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் கச்சேரிக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். தண்ணீர் நின்ற வருடம் ஆனி ஆடியில் வேலை உண்டு, இல்லாத வருடம் இல்லை. முத்தையன்கட்டிலும் அதேதான் நடக்கும். ஆக இதே மாதம் என்று அடித்துச் சொல்ல ஏலாது, குளத்தைக் கேட்க வேண்டும். புரட்டாதி மட்டும் எந்த வருடமும் வறுமைதான்.

இடதுகரை:

எல்லோருக்கும் நன்றி. வீதத்தை விட்டுவிட்டு நாங்களே ஒரு கொப்பி போடலாம் என்று சங்கத்தில் பேசினோம். அறுபது வீடு எடுத்து, மாதம் ஒரு தடவை போய்ப் பெண்களிடம் கேட்கலாம். என்ன கேட்பது ஐயா? அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) பட்டியல் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம அலுவலரிடம்) இருக்கிறது, அதிலிருந்தே வீடுகளை எடுக்கலாமா?

பழைய கணக்கெடுப்பாளர்:

அந்தப் பட்டியலைத் தொடவே வேண்டாம். அஸ்வெசும கொப்பியோடு வருகிறீர்கள் என்று நினைத்தால் ஒரு வீட்டிலும் ஒருவருக்கும் வேலை இருக்காது. அந்த விண்ணப்பங்கள் தொடங்கியதிலிருந்து கணக்கெடுப்புக்குப் போன பெடியன்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இடதுகரை வீடுகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எண்ணி எடுங்கள். மாத்தக்கூடாது, அடுத்த மாதமும் அதே வீடுகள்தான். ஆள் இல்லாவிட்டால் மற்ற நாள் போங்கள். ‘பக்கத்து வீட்டைப் பிடித்தேன்’ என்ற கதை வேண்டாம்.

‘வேலை இருந்ததா’ என்று கேளாதீர்கள். போன ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாக நேற்றிலிருந்து பின்னுக்குக் கேளுங்கள்: நேற்று என்ன செய்தீர்கள், யாருடைய காணியில், எத்தனை மணி வரை, கூலி கையில் வந்ததா கடனா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். நெல் விற்ற பிறகு தருகிறேன் என்று சொல்லி வாங்கிய வேலை எங்கள் பக்கம் நிறைய. அதைத் தனி நிரலில் எழுதுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இன்னும் இரண்டு நாள் வேலை கிடைத்திருந்தால் போயிருப்பீர்களா? சின்னப் பிள்ளை இருக்கிறது, காய்ச்சல்காரர் இருக்கிறார், போயிருக்க மாட்டேன் என்பவளை ஆம் என்று எழுதினால் பிறகு நீங்கள் வேலை கொடுக்கிற மாதம் அவள் வரமாட்டாள்.

மாதாமாதம் ஒரே கிழமையில் போங்கள். எங்கள் சனம் தை, மாசி என்றுதான் சொல்லும், நீங்கள் திகதி போட்டு எழுதுங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வருகிற வைகாசிக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஒரு கிழமை கடை போட்டு எல்லோரும் தொழிலதிபர்.

வருகிற கூட்டலுக்கு வீதம் என்று பெயர் வைக்க வேண்டாம். ‘ஒரு பெண்ணுக்கு ஒரு கிழமையில் கிடைத்த வேலை நாள்’ என்று மட்டும் போடுங்கள். அறுபது வீடு இடதுகரைக்குப் போதும், முல்லைத்தீவு மாவட்டத்துக்குப் போதாது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு வருடக் கொப்பியில் எந்த மாதம் தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளத்து நீர்மட்டத்துக்கு ஒரு நிரல் விடுங்கள், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டால் தருவார்கள். வட்டக்கச்சித் தம்பி சொன்னது சரி, அது இல்லாமல் இரண்டாவது வருடத்தை முதலாவதோடு ஒப்பிட முடியாது.

இடதுகரை:

விளங்குகிறது ஐயா. ஒன்று மட்டும். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனவர்கள் எங்கள் அறுபது வீட்டுக்குள் எப்படியும் வருவார்கள். அவர்களையும் எழுதுவதா?

பழைய கணக்கெடுப்பாளர்:

2022 இல் மட்டும் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். எங்கள் அளவீட்டில் அவர்கள் அந்த வீட்டு ஆட்களாக எண்ணப்படுவதில்லை, நீங்களும் எண்ண வேண்டாம். ஆனால் ‘ஒருவர் வெளியே’ என்று ஓரத்தில் ஒரு புள்ளி போட்டு வையுங்கள். காசு வருகிற வீட்டில் கூலிக்குப் போவது குறையும், அதை வேலை இல்லாத மாதம் என்று நினைத்துவிடுவீர்கள். கொப்பியின் மாதிரிப் பக்கம் ஒன்றைக் கீறி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.