மஃப்ஹூமுல் முகாலஃபாவுக்கு ‘எதிர்மறைப் பொருள்’ சரிவருமா?

இஸ்லாமியச் சட்டவியலில் வரும் ‘மஃப்ஹூமுல் முகாலஃபா’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘எதிர்மறைப் பொருள்’ என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. எதிர்மறை என்றதும் ‘செய்யான், வாரான்’தான் காதில் விழும். இங்கே வசனத்தில் எதிர்மறை இருக்க வேண்டியதே இல்லை. ஓர் அடையோ நிபந்தனையோ இருக்கும், அது இல்லாத இடத்தில் சட்டமும் மாறுமா என்பதுதான் பேச்சு.

குர்ஆன் 4:25ஐ எடுங்கள். அடிமையல்லாத முஃமினான (இறைநம்பிக்கை கொண்ட) பெண்ணை மணக்க வசதியில்லாதவர் முஃமினான அடிமைப் பெண்ணை மணக்கலாம். சரி, வசதி இருந்தால்? வசனம் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் கூடாது என்பார்கள் ஷாஃபிஈ சட்டப்பள்ளியினர். சொல்லாததைச் சொன்னதாக எடுக்க முடியாது, வேறு ஆதாரம் கொண்டு வா என்பார்கள் ஹனஃபி சட்டப்பள்ளியினர்.

ஆனால் முகாலஃபாவை ஏற்பவர்களும் எல்லா அடைக்கும் இப்படிச் செய்வதில்லை. 4:23இல் மணக்கக் கூடாதவர் வரிசையில் ‘உங்கள் பராமரிப்பில் உள்ள’ மனைவியின் மகள்கள் வருகிறார்கள். வேறு வீட்டில் வளர்ந்தவள் என்றால் மணக்கலாமா? கூடாது என்பதே பெரும்பாலோர் கருத்து, ஏனென்றால் அந்த அடை வழக்கத்தைச் சொல்ல வந்ததே தவிர யாரையும் பிரித்துவிட வந்ததல்ல.

இதைத்தானே நம் இலக்கண உரைகாரர்கள் செந்தாமரை, செஞ்ஞாயிறு என்று பிரித்தார்கள்! வெண்தாமரை உண்டு, அதனால் ‘செம்மை’ அதை நீக்குகிறது. அது பிறிதினியைபு நீக்கிய விசேடணம், அதாவது பிறவற்றை விலக்கும் அடை. ஞாயிற்றுக்கு நீக்க வேறொன்று இல்லை. (முழுக்கப் பொருந்தாது, தெரியும். வேறு வீட்டில் வளரும் மகள் உண்டு, வேறு ஞாயிறு இல்லை. ஆனால் அடை எப்போது நீக்கும், எப்போது சும்மா இருக்கும் என்ற கேள்வி ஒன்றுதான்.) தொல்காப்பியமும் ‘எடுத்த மொழி இனம் செப்பலும் உரித்தே’ (சொன்ன சொல் தன் இனமான வேறொன்றைக் குறிப்பால் சொல்வதும் உண்டு) என்கிறது. செப்பாமலும் போகலாம் என்று அந்த ‘உம்’ இடம் விடுகிறது பாருங்கள், ஹனஃபிக்கும் ஷாஃபிஈக்கும் உள்ள வழக்கு மொத்தமும் அந்த ஓர் உம்மையில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

முகாலஃபாவுக்கு முதலில் ‘இனவிலக்குப் பொருள்’ என்று வைக்க நினைத்தேன். ஆனால் ‘இரவு வரை நோன்பை முழுமையாக்குங்கள்’ (2:187) போன்ற எல்லை குறிக்கும் இடங்களில் இனம் எங்கே இருக்கிறது? இனத்தை வெட்டி ‘விலக்குப் பொருள்’ என்றால் அதைவிட மோசம், ஹராமான பொருள் என்றுதான் படிப்பார்கள்!

அதனால் ‘பிறிதுநீக்கப் பொருள்’. வசனம் நேராகச் சொல்லும் பொருளான மன்தூக்குக்குக் ‘கூற்றுப்பொருள்’ என்று வைத்தால் இரண்டும் பக்கத்தில் நிற்கும். சொன்னதோடு ஒத்துப்போகும் சொல்லாப் பொருளான முவாஃபகாவுக்கு நீங்கள் சொன்ன ‘ஒத்த பொருள்’ இருக்கட்டும்; பெற்றோரைச் ‘சீ’ என்று சொல்லாதே (17:23) என்றால் அடிக்கவும் கூடாது என்பது அதில் வந்துவிடுகிறது. அருத்தாபத்தி (சொன்னது பொருந்தச் சொல்லாததைக் கொள்ளுதல்) என்ற சொல்லை மட்டும் இங்கே செலவழிக்காதீர்கள், ‘ஊரைக் கேளுங்கள்’ (12:82) என்றால் ஊராரை என்று கொள்ளும் இக்திழாவுக்கு அது வேண்டியிருக்கும்.