மறு: ‘லிங்க்’ என்பதற்கு இணைப்பா, சுட்டா?

> இணைப்பு என்று ஊரே சொல்கிறது. அதை ஏன் கலைக்கிறீர்கள்?

காட்பாடி ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். வலைப்பக்கத்தில் தட்டினால் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் ‘லிங்க்’குக்கு நம் மொழிபெயர்ப்பில் சுட்டு என்று ஏன் வைக்கிறேன் என்று சொல்கிறேன்.

ஊரே சொல்கிறது, சரி. கரண்டுக்கும் இணைப்பு, கேஸுக்கும் இணைப்பு, மெயிலோடு வரும் கோப்புக்கும் இணைப்பு. போன வாரம் ஒரு மடலில் “இணைப்பைப் பார்க்கவும்” என்றிருந்தது. கோப்பைத் தேடு தேடென்று தேடிவிட்டு, அப்புறம்தான் கீழே இருந்த நீல எழுத்தைக் கவனித்தேன்.

ஆனால் என் மறுப்புக்குக் காரணம் வேறு. இணைப்பு என்றால் இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும். இணைய வலையில் ஒரு முனைதான் கட்டியிருக்கிறது. ஒரு எழுத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் படிக்கும் முறைக்கு 1965-இல் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லைத் தந்த டெட் நெல்சன் கேட்டது இருவழிப் பாதை. 1989 மார்ச்சில் ஜெனீவா அருகே செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் இந்த வலைக்குத் திட்டம் எழுதிக் கொடுத்த டிம் பெர்னர்ஸ்-லீயின் கவலை வேறாக இருந்தது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடம்தான் இருப்பார்கள், போகும்போது தெரிந்ததையும் கூடவே கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தகவலைப் பிடித்துவைக்க அவர் கட்டிய வலையில், யாரையும் கேட்காமல் யாருடைய பக்கத்துக்கும் வழி காட்டலாம். எதிர்ப்பக்கத்துக்காரருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. அவர் பக்கத்தைத் தூக்கிவிட்டால் நமக்கு 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பதில். ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டுமென்றிருந்தால் வலை இவ்வளவு பரவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

என் அம்மா ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். மாமா லடாக்கில் இருந்தபோது பாட்டி சொல்லச் சொல்ல இன்லண்ட் கடிதம் எழுதியது நான்தான். முதல் வரி எப்போதும் ஒன்றே: “இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமறிய ஆவல்.” ஒரு இங்கு, ஒரு அங்கு. பதில் வரும்வரை பாட்டிக்கு அந்தக் கடிதம் பாதிதான் முடிந்திருக்கும். இன்று அதே மாமாவின் மகன் டொராண்டோவில் இருக்கிறான். அவன் கார் என்ன கலர், பனியில் எங்கே வழுக்கி விழுந்தான், எல்லாம் அவன் வலையில் போடுவதைப் பார்த்தே எங்களுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்தவன், “நீங்க யாரும் விசாரிக்கவே இல்லையே” என்றான். நாங்கள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம், அது அவனுக்குத் தெரியாது. அங்கு மட்டும் இருந்தது, இங்கு இல்லை.

அதனால்தான் சுட்டு. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியர் சொன்ன அதே சுட்டு. விரல் நீட்டினால் அது சுட்டு. அந்தப் பக்கமும் கை கொடுத்தால்தான் இணைப்பு. ஃபேஸ்புக் நட்புக்கு இருவர் சம்மதம் வேண்டும், ஆகவே அதை இணைப்பு எனலாம். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) பின்தொடர்வது சுட்டோடு சரி.

> தொடுப்பு என்று வைக்கலாமே? பூத்தொடுப்பது போல.

ஆரணி அம்மா, பூ வரைக்கும் அழகுதான். ஆனால் எங்கள் தெருவில் “அவனுக்கு அங்க ஒரு தொடுப்பு” என்றால் குடும்பமே கூடிவிடும். சுட்டி என்பதை ஏற்கெனவே சிலர் மவுஸுக்கு வைத்துவிட்டார்கள்.

> சுட்டு என்றால் தோசை சுட்டு ஆகாதா? வலையில் ‘சுட்ட படம்’ என்றால் திருடிய படம்!

இது நல்ல அடி, இரண்டு நாள் யோசித்தேன். வினையில் குழப்பமில்லை: சுடுபவர் சுட்டேன் என்பார், சுட்டுபவர் சுட்டினேன் என்பார். “உங்கள் கட்டுரையைச் சுட்டினேன்” என்றால் யாரும் கோபிக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல் தனியாக நிற்கும்போது கொஞ்சம் இடறும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே மட்டும் வலைச்சுட்டு என்போம். பள்ளி இலக்கணத்தில் படித்த அகச்சுட்டு, புறச்சுட்டு இரண்டும் தயாராக இருக்கின்றன. நம் தளத்துக்குள்ளேயே போவது அகச்சுட்டு, வெளியே போவது புறச்சுட்டு. இலக்கணப் பொருள் வேறு என்று புலவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். நம்மை நோக்கி வருவது எதிர்ச்சுட்டு.

404-க்குப் போகும் சுட்டுக்குத்தான் மனசுக்குப் பிடித்த சொல் கிடைக்கவில்லை. பாழ்ச்சுட்டு என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். பட்டுப்போன மரம் என்கிறோமே, அதிலிருந்து ஏதாவது வருமா என்று ஆரணி அம்மா பார்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பை ஞாயிறு இரவு ஏற்றுகிறேன், மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.