டிரெய்லரை இழுத்துக்கொண்டு மின்சார பிக்கப்பில் பிக் பெண்ட் போனவர்கள் உண்டா?

வணக்கம். நாங்கள் டாலஸில் இருக்கிறோம். மார்ச் விடுமுறையில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் டெக்சஸின் மேற்கிலுள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். ஒரு வழியே 500 மைலுக்கு மேல். பின்னால் தங்கும் வசதியுள்ள 23 அடி டிரெய்லர்.

எங்கள் மின்சார பிக்கப்பின் பேட்டரி 131 கிலோவாட் மணி. வெறும் வண்டி 300 மைல் ஓடுகிறது. போன மாதம் டிரெய்லரைப் பூட்டி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்ததில், 140 மைல்தான் தாங்கும் போலிருக்கிறது. எடையைவிட, டிரெய்லரின் உயரமான முகப்பு காற்றோடு மோதுவதில்தான் மின்சாரம் கரைகிறது. ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. அப்படியானால் இவ்வளவு பெரிய பேட்டரியில் இருப்பது நான்கு கேலனுக்கும் குறைவு! பெட்ரோல் வண்டிக்கும் மைலேஜ் சரியும்தான், ஆனால் சில நிமிடங்களில் டாங்கை நிரப்பிவிடலாம்.

மிட்லண்ட் வரை பயமில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து மாரத்தான் என்ற சிற்றூர் வழியாகப் பூங்காவுக்குள் செல்லும் சுமார் 125 மைல்தான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. எதிர்க்காற்று அடித்தால் என்ன ஆகும்? மாமியாருக்குச் சர்க்கரை நோய். ஆளில்லாத சாலையில் அவரை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

அந்தப் பாதையில் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். டிரெய்லரைக் கழற்றாமல் சார்ஜ் செய்ய எங்கே இடம் இருக்கிறது? மாரத்தானில் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) முகாம்களில் 50 ஆம்பியர் இணைப்பில் இரவு முழுதும் வண்டியைச் சார்ஜ் செய்ய அனுமதிக்கிறார்களா? மணிக்கு 55 மைல் வேகத்தில் போனதில் உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சமானது? அடுத்த வாரத்துக்குள் முகாமுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.