தனிப்படை கிளம்பினால் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது: எங்கே ஓட்டை?

தென்பெண்ணை:
ஓசூர் வழியாக வரும் குட்கா வண்டிகளைப் பிடிக்கப் போகும் ஒரு தனிப்படைக்கு அரைநாள் வகுப்பு எடுக்க வேண்டும். மஃப்டி, வாடகைக் கார், ஆளுக்கொரு புது சிம். அப்படியும் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடி போய்ச் சேருமுன் எதிராளி உஷாராகிவிடுகிறான். போனில் உளவு மென்பொருள் இருக்குமோ?

தொப்பூர் கணவாய்:
அதைக் கடைசியில் பாருங்கள் சார். முதலில் கார். வாடகைக் காரின் ஃபாஸ்டேக் ஓனர் நம்பரில் இருக்கும். டோல்கேட் தாண்டியதுமே எந்த டோல், எத்தனை மணி என்று அவருக்கு எஸ்எம்எஸ் போய்விடும். டிராவல்ஸ் வண்டி என்றால் ஜிபிஎஸ்ஸும் இருக்கும். ஓனர் வீட்டிலிருந்தே பார்ப்பார். வண்டி யாருடையது என்று விசாரித்து எடுப்பது எந்தச் செயலியையும்விட முக்கியம்.

அடுத்து சிம். பழைய போனிலேயே புது சிம் போட்டால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) அதேதான், கூகுள் கணக்கும் அதேதான். பலர் செய்கிற இன்னொரு வேலை: வாட்ஸ்அப்பில் ‘எண்ணை மாற்று’ கொடுப்பது. இருக்கிற குரூப்புக்கெல்லாம் புது நம்பர் தானாகவே அறிவிக்கப்படும்! தனி போன், தனி கணக்கு, காலி கான்டாக்ட் லிஸ்ட். இதில் பாதி செய்தால் பயனில்லை.

தென்பெண்ணை:
ஃபாஸ்டேக் யோசிக்கவே இல்லை. புளூடூத்தை அணைத்தால் போதுமா?

ராயக்கோட்டை ரோடு:
போதாது. ஆண்ட்ராய்டில் புளூடூத்தை அணைத்தாலும், லொகேஷன் அமைப்பில் ‘புளூடூத் ஸ்கேனிங்’ தனியாக ஓடும், அதையும் நிறுத்துங்கள். ஆனால் அது சுற்றியுள்ள கருவிகளைத் தேடுவது மட்டும்தான். காட்டிக்கொடுப்பது ஹெட்செட், வாட்ச், பாடி கேமரா. போன்கள் தங்கள் புளூடூத் முகவரியை (கருவியின் அடையாள எண்) மாற்றிக்கொண்டே இருக்கும். ஹெட்செட், வாட்ச் போன்றவற்றில் பல மாற்றுவதில்லை. நிலையான முகவரியின் முதல் 3 பைட் (அதாவது முதல் பாதி) தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். போலீஸுக்கென்றே கருவி செய்யும் கம்பெனி என்றால் வேறு சாட்சி வேண்டாம். சுற்றியுள்ள புளூடூத் கருவிகளைப் பட்டியலிடும் என்ஆர்எஃப் கனெக்ட் செயலியோடு ஒருவர் காருக்கு 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்று புரிந்துவிடும். ஹாட்ஸ்பாட்டுக்கு ‘எஸ்ஐ’ என்று பெயர் வைத்தவர் போனின் வைஃபை பட்டியலிலேயே சிக்குவார்.

தொப்பூர் கணவாய்:
ஓட்டப் பயிற்சிச் செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற அப்படிப்பட்ட செயலியின் வரைபடத்தில், ராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிய தடமே தெரிந்தது. பதிவுகளை ‘நான் மட்டும்’ என்று மாற்றுங்கள், வரைபடத்துக்குத் தரவு தரும் தேர்வையும் அணைத்துவிடுங்கள்.

ராயக்கோட்டை ரோடு:
தகவலாளியோடு வாட்ஸ்அப் காலில் பேசுவதாக இருந்தால் தனியுரிமையில் ‘மேம்பட்டவை’ போய், அழைப்பில் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) மறைக்கும் தேர்வை இயக்குங்கள். இல்லாவிட்டால் அழைப்பு நேரடியாக இணையும்போது எதிர்முனைக்கு ஐபி தெரியலாம். குரல் தரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிடிபட்ட சரக்கின் படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே போகும், கேமராவிலேயே லொகேஷன் டேக்கை அணைத்துவிடுங்கள்.