புதுப்பிப்பு: கரப்பான் தோல்நோய்க்குப் பாக்டீரியாத் தெளிப்பு

குழந்தைகளுக்கு வரும் கரப்பான் (எக்சிமா) என்ற தோல்நோய்க்கு ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து தோலில் தெளிக்கும் சிகிச்சை பற்றி முன்பு நம்பிக்கையோடு எழுதியிருந்தேன். அமெரிக்காவில் இயன் மைல்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 16 வயது வரையிலான 20 பேரில் 17 பேருக்கு நோய் பாதிக்கு மேல் தணிந்திருந்தது. ஆனால் ஒப்பிடுவதற்குப் போலி மருந்து (மருந்துப் பொருள் இல்லாத தெளிப்பு) பெறும் குழு அதில் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்லத் தவறிவிட்டேன். இதே பாக்டீரியாவை வைத்து ஃபோர்ட்டே பயோசயின்சஸ் என்ற மருந்து நிறுவனம் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2021 செப்டம்பரில் வந்தது: நோயின் தீவிரத்தை அளக்கும் குறியீடு பாதியாகவாவது குறைந்தவர்கள் மருந்துத் தரப்பில் 58 விழுக்காடு, போலி மருந்துத் தரப்பில் 60. கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். என் மகனின் முழங்கை மடிப்பே அதற்குச் சாட்சி. அவனுக்கு இப்போதும் குளித்த ஈரம் காயுமுன் பூசும் களிம்புதான்.