பெண்கடல் பக்கம் கேட்ட மூச்சு

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்:

திகில் நாவல்களை விரும்பிப் படிக்கும் நாம், கதைக்குள் அஞ்சியதைப் பற்றித்தான் இதுவரை பேசி வந்திருக்கிறோம். படித்துக்கொண்டிருந்த இடத்தில் நமக்கு நேர்ந்ததை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். நம் கரையோரத்து வாசகர்கள் தங்களுடையதைத் தொடர்ந்து எழுத வேண்டும்.

2011ஆம் ஆண்டு ஆனி மாதம். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை செல்லும் தார்ச்சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் தடம் பிடித்து ஓடும் வேன்களில்தான் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். மாலையில் கடைசி வேன் திரும்பிவிட்டால், மின்சாரம் இல்லாத குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களைத் தவிர அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். என் தகப்பனாருக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரின் குடிசையில் அன்றிரவு தங்கினேன். சூசன் ஹில் 1983இல் எழுதிய 'தி வுமன் இன் பிளாக்' என்ற நாவலை வேண்டுமென்றே உடன் எடுத்துச் சென்றிருந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் வரும் வீடு உப்புச் சதுப்பின் நடுவே தனியாக நிற்கிறது. அங்கே செல்லும் ஒரே பாதையைக் கடல் ஏறும்போது நீர் மூடிவிடும். நீர் வடியும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருக்க வேண்டும். ஆவியாக வரும் பெண்ணை நாம் காணும் தருணங்கள் மிகக் குறைவு. மனத்தை விட்டு அகலாதது ஓர் ஒலிதான். மூடுபனிக்குள் ஒரு குதிரைவண்டி பாதை தவறிச் சேற்றில் இறங்குகிறது, குதிரை கனைக்கிறது, ஒரு குழந்தை அலறுகிறது. பிறகு சதுப்பு எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. அந்த விபத்து நடந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதும், அதன் ஒலி மட்டும் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது என்பதும் நமக்குப் பின்னால்தான் தெரிய வருகிறது.

டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பகுதியை முடித்த வேளையில், வடக்கே, பெண்கடல் என்று நாங்கள் அழைக்கும் பாக் விரிகுடாவின் திசையிலிருந்து, வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்த ஒருவர் அதை வெளியே விடுவது போன்ற ஒலி கேட்டது. சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டது. இம்முறை இன்னும் அருகில். டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் படுத்திருந்தேன். அப்போதுதான் தெற்கிலிருந்து முழக்கம் எழுந்தது. பாரமான பெட்டிகள் தண்டவாளத்தின் மேல் ஒரே சீராக உருண்டு வருவதைப் போலவே அது இருந்தது.

தனுஷ்கோடியில் ரயில் ஓசையைக் கேட்பது என்றால் என்ன பொருள் என்பதை இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில், புயலோடு எழுந்த பேரலை பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலை, தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக அப்படியே புரட்டிக்கொண்டு போனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்துவிட்டார்கள். ஊரையோ மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது.

பெரியவரை எழுப்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டார். மூச்சொலி ஓங்கலுடையது, அதாவது டால்பினுடையது என்றார். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் அடங்கிக் கிடக்கும், அந்த இரவுகளில் ஓங்கல்கள் மீனைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும், அவை மேலே வந்து மூச்சுவிடுவது குடிசை வரைக்கும் கேட்கும் என்று விளக்கினார். தெற்கே முழங்குவது ஆண்கடலின், அதாவது மன்னார் வளைகுடாவின் அலை என்றார். பிறகு அவராகவே, "ரயிலு மாதிரிக் கேக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும் அப்பிடித்தான் கேக்கும்" என்றார். அந்த இரவில் நான் உண்மையாக நடுங்கியது இந்தப் பதிலைக் கேட்டபோதுதான்.

இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்கிறார்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பிடிச் சொல்லாதீக தம்பி. அவுக எங்க சனம். எங்க சின்னம்மாவும் அதுல ஒருத்தி" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று முதல், தனுஷ்கோடியைக் களமாகக் கொண்ட திகில் நாவல்களை வேறு கண்ணோடு படிக்கிறேன். விளக்குகள் எரிய ஓடி வரும் ஆவி ரயிலைச் சிலவற்றில் பார்த்திருக்கிறேன். அந்த ரயிலில் இருந்தவர்களுக்கு முகம் கொடுத்த நாவல் ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஒரு நாவலில், புயல் எதுவும் இல்லாத சாதாரண இரவில் இரண்டு கடல்களும் ஒருசேரக் குமுறின. வாடை வீசும் மாதங்களில் பெண்கடல் பொங்கும், ஆண்கடல் தணிந்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இது மாறிவிடும். ஒரு பக்கம் குளம்போல் கிடக்க, மறுபக்கம் மட்டும் முழங்குவதுதான் இந்த மணல்திட்டின் பயங்கரம். இதை அறியாத எழுத்தாளர் எத்தனை ஆவிகளை இறக்கினாலும் எங்களுக்கு அச்சம் வருவதில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இன்றும் உறக்கத்தைக் கெடுப்பதற்குக் காரணம், அவர் அதை ஒரு சாதாரண வீட்டுக்குள், அந்த வீட்டின் நடைமுறைகளை நன்கு அறிந்து எழுதியதுதான் என்று நான் நம்புகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி:

தங்கச்சிமடத்துச் சகோதரர் எழுதியதைப் படித்த பிறகு, பல ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதத் துணிகிறேன்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, டிமீட்டர் என்ற கப்பலின் தலைவர் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. வர்னா துறைமுகத்திலிருந்து புறப்படும் அந்தக் கப்பலில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். இறுதியில் தலைவர் சிலுவையைப் பற்றியபடி தம் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு இறந்துபோகிறார்; புயலில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்துக்குள் வந்து மோதும் கப்பலில் உயிரோடு மனிதர் யாரும் இல்லை. எவரும் கொல்லப்படுவதை ஸ்டோக்கர் நமக்குக் காட்டுவதே இல்லை. நாட்குறிப்பில் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான். மரக்கலம் ஓட்டியவர்களின் வழியில் வந்த எங்கள் வீட்டில், நான் பள்ளியில் படித்த காலத்தில், அதைப் பத்து முறையாவது ஆசையோடு படித்திருப்பேன்.

ஓர் ஆடி மாதத்து அதிகாலையில், எங்கள் தெருவுக்கு நேரே கடற்கரையில் ஒரு வத்தை, சிறு படகு, வந்து தட்டி நின்றது. அதில் ஆள் இல்லை. வலை மடித்தபடி இருந்தது, ஒரு தூக்குவாளியில் பாதிச் சோறு இருந்தது, நங்கூரக் கயிறு அறுந்து தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. காக்கா, அதாவது என் அண்ணன், ஓடி வந்து சொன்னபோது என் மனத்தில் முதலில் வந்தது டிமீட்டர்தான். சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்குள் ஒரு கிளர்ச்சிகூட எழுந்தது. பக்கத்து அறையில் உம்மா அதே செய்தியைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், தொழுகைக்குமுன் செய்வதுபோல் கைகால் கழுவி ஒளுச் செய்து, குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓத உட்கார்ந்துவிட்டார். யாருடைய பிள்ளை என்று தெரியாமலே ஓதினார். அவருடைய குரலைக் கேட்ட பிறகு அந்தச் சோற்றை என்னால் வேறு விதமாக நினைக்க முடியவில்லை.

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு, மேற்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து வத்தைக்கு உரியவரே தேடி வந்தார். இரவு கட்டிப் போட்டிருந்த இடத்தில் கயிறு அறுந்து, கச்சான் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். உம்மா அவருக்குச் சோறு போட்டார்.

ஸ்டோக்கர் 1890இல் விட்பியில் தங்கியிருந்தபோது, அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் அந்தக் கரையில் ஒதுங்கியதை விசாரித்துக் குறிப்பெடுத்துக்கொண்டார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். 1897இல் வெளிவந்த நாவலில் அந்தப் பகுதி மட்டும் ஏன் அத்தனை கனமாக இருக்கிறது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. புயலில் கரை ஒதுங்கும் கலம் எந்தக் கரையினரின் நெஞ்சையும் அழுத்தும் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஏர்வாடிக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்:

கடலைப் பற்றியது அல்ல, என் அனுபவம் பேய் 'பிடித்தல்' பற்றியது.

என் அத்தைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, விளக்கு வைக்கும் நேரங்களில் இறந்துபோன தம் அண்ணனின் குரலில் பேசத் தொடங்கினார். சிறுவனாக இருந்த என்னை அந்தக் குரலில் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அதைப் போன்ற அச்சத்தை எந்த நாவலும் எனக்குத் தந்ததில்லை. வேப்பிலை, சாட்டை, கட்டு என்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஒரு மருத்துவரிடம் சென்று, மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு, மெல்ல மெல்ல அவர் தேறினார். இன்று நலமாக இருக்கிறார்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், மனநோயாளிகளை அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடியில், அவர்களுக்கான ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அத்தை சாப்பிடவில்லை. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. ஏர்வாடியில் இப்போது பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நம் திகில் நாவல்களில், சங்கிலியில் கட்டிய பெண் இன்னும் அலங்காரப் பொருளாகத்தான் வருகிறாள்.

அத்தை இந்த நாவல்களை விடாமல் படிப்பவர் என்பதையும் சொல்ல வேண்டும். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவ எப்பப் பேசுவான்னு பாக்குறேன். பேய் பேசுது, விரட்ட வந்தவரு பேசுறாரு. பிடிபட்டவ ஒரு வரி பேசக் காணோம்" என்றார். அவருடைய அந்த மூன்று ஆண்டுகளை உள்ளிருந்து எழுதக்கூடிய ஒருவர் நம்மிடையே இருந்தால், அந்த நாவலுக்கு இணையாக வேறொன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

தங்கச்சிமடத்து வாசகர் மீண்டும்:

ஏர்வாடிச் சகோதரரே, உங்கள் அத்தை ஒப்புக்கொண்டால், அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வாய்மொழியாகச் சொல்லுவது திகில் கதைக்குப் புதிதன்று. எம்.ஆர். ஜேம்ஸ் தம்முடைய பேய்க்கதைகளில் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில், கிறிஸ்துமஸ் காலத்து இரவுகளில், நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். எழுதிய சொல்லின் கனம் கேட்பவரின் முகத்தில் தெரிந்துவிடும்.

அதனால் சென்ற ஆனியில் மீண்டும் தனுஷ்கோடிக்குப் போனேன். பெரியவர் தளர்ந்துவிட்டார்; ஆனாலும் குடிசையை விட்டு வர மறுக்கிறார். சாலையில் வண்டிகள் ஓய்ந்த பிறகு, அதே நாவலின் சதுப்புப் பகுதியை, நம் பேச்சுத் தமிழில் மாற்றி மாற்றி அவருக்குச் சொன்னேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். குதிரைவண்டி பாதை தவறும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எழுந்து இருட்டில் பெண்கடல் பக்கம் நடந்து போய், பேரனின் வத்தையைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார். "இப்ப மிச்சத்தச் சொல்லுங்க" என்றார்.